8 யூரோவுக்குள் வாங்கும் ஒயினின் தரத்தை நாக்கால் அறிய முடியுமா?

லியோன்_நெல்லையான்:

அனைவருக்கும் வணக்கம். வேலைக்காக லியோன் நகரத்துக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் எங்கள் வீட்டில் மது என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால், ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்தவை எல்லாம் இங்கே வந்த பிறகு அரைகுறையாகக் காதில் விழுந்தவையே. அலுவலக நண்பர்கள் விருந்துக்கு அழைத்தால் கையில் ஒரு பாட்டிலுடன் போவது இங்கே வழக்கம். பல்பொருள் அங்காடியில் ஒயின் அலமாரிக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றுவிட்டு, கடைசியில் தங்கப் பதக்கம் ஒட்டியிருக்கும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

சென்ற மாதம் என் வீட்டுக்கு நான்கு நண்பர்கள் வந்திருந்தார்கள். 5 யூரோ விலையில் ஒன்றும் 16 யூரோ விலையில் ஒன்றுமாக இரண்டு சிவப்பு ஒயின்களை வாங்கி வைத்திருந்தேன். விலை குறைந்ததுதான் முதலில் காலியானது. நானும் இரண்டையும் குடித்துப் பார்த்தேன். இரண்டும் புளித்தன, இரண்டும் தொண்டையில் சூடாக இறங்கின, அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. விலை உயர்ந்த பாட்டிலின் பின்பக்கச் சீட்டிலோ கருஞ்செர்ரி, ஈரமான கல், பழைய தோல் என்று ஒரு பட்டியலே அச்சிடப்பட்டிருந்தது. செர்ரி என்பதைக் கேக்கின் மேல் வைத்திருக்கும் சிவப்புப் பழமாகத்தான் சிறுவயதில் நான் கண்டிருக்கிறேன்.

ஒரு பாட்டிலுக்கு 8 யூரோவுக்கு மேல் செலவிட எனக்கு மனமில்லை. அந்த எல்லைக்குள் நல்லதையும் சுமாரானதையும் நாக்கைக் கொண்டே பிரித்தறிய வழி உண்டா, அல்லது அது பிறந்தது முதல் இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் வாய்ப்பதா? வெள்ளைக்கும் சிவப்புக்கும் ஒரே அளவுகோல்தானா? பதக்கத்தை நம்பலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

நாந்த்_புதுவை:

தம்பி, கேக்கின் மேல் நீங்கள் கண்டது பெரும்பாலும் செர்ரியே அல்ல. களாக்காய்க்குச் சிவப்புச் சாயமும் சர்க்கரைப் பாகும் ஏற்றி அந்தப் பெயரில் விற்பார்கள். ஆகவே அந்தச் சீட்டு உங்களுக்குப் புரியவில்லை என்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நான் புதுவையில் பிறந்தவன், நாற்பது ஆண்டுகளாக நாந்த் நகரத்தில் வாழ்கிறேன். மணங்களைத் தேடும் வேலையை முதல் ஆறு மாதங்களுக்கு ஒத்தி வைத்துவிட்டு, வாய்க்குள் நடப்பதை மட்டும் கவனியுங்கள் என்பதே நான் சொல்லக்கூடிய யோசனை.

அதற்குத் தமிழ் அறிந்தவருக்கு ஒரு வசதி இருக்கிறது. அறுசுவையில் நாம் துவர்ப்பைத் தனியாக எண்ணி வைத்திருக்கிறோம். இங்கே சுவைத்துப் பழக வரும் பலர் கசப்பையும் துவர்ப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கடுக்காயையோ பச்சை வாழைக்காயையோ கடித்தால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் அல்லவா, சிவப்பு ஒயினில் டானின் செய்வது அதே வேலைதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் அது, சாற்றைத் தோலோடு சேர்த்து நொதிக்க விடுவதால் சிவப்பு ஒயினில் இறங்குகிறது. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்ததும் தோலை நீக்கிவிடுகிறார்கள் என்பதால் அதில் துவர்ப்பு மிகக் குறைவு. எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை: அளவுகோல் ஒன்றல்ல. வெள்ளையில் புளிப்புக்கும் பழச்சுவைக்கும் இடையே நடக்கும் இழுபறியைப் பார்க்க வேண்டும். சிவப்பில் அவற்றோடு துவர்ப்பும் மூன்றாவது ஆளாக வந்து நிற்கிறது.

ஒரு மிடறை வாயில் வைத்து ஐந்து விநாடி உருட்டிவிட்டு விழுங்குங்கள். நாக்கின் இரு ஓரங்களிலும் உமிழ்நீர் ஊறினால் அது புளிப்பு. வாய் வறண்டு இழுத்தால் துவர்ப்பு. தொண்டையில் எரிந்தால் அது ஆல்கஹால். சீட்டில் 12 விழுக்காடு என்று போட்ட ஒயினையும் 14.5 என்று போட்ட ஒயினையும் அடுத்தடுத்துக் குடித்தால் அந்தச் சூட்டின் அளவு உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அதன் பிறகு மனத்துக்குள் எண்ணத் தொடங்குங்கள். விழுங்கிய பிறகு சுவை எத்தனை விநாடி நிற்கிறது, கடைசியில் எஞ்சி நிற்பது பழமா கசப்பா என்று பாருங்கள். மலிவான ஒயின்களில் பெரும்பாலானவை மூன்று நான்கு விநாடிக்குள் மறைந்துவிடும். 7 யூரோ ஒயின் ஒன்று எட்டு விநாடி நின்று, முடிவில் கசக்காமலும் இருந்தால், கொடுத்த காசுக்கு அது நியாயம் செய்திருக்கிறது.

மலிவு ஒயின் பல வகையில் கெடும். பழம் சரியாகப் பழுக்காமல் பறிக்கப்பட்டிருந்தால் சிவப்பு ஒயின் தண்ணீராகவும் பச்சைத் துவர்ப்பாகவும் இருக்கும். அந்தக் குறையை மறைக்கச் சிறிது சர்க்கரையைத் தங்கவிட்டு, ஓக் மரச் சீவல்களை ஊறவைத்து மெழுகிவிடுவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் அந்தச் சீவல்களை அனுமதிக்கிறது. முதல் மிடறு ஜாம் போல இனித்து, அடுத்த கணமே ஒன்றுமில்லாமல் போகும் ஒயினில் இந்தக் கைவேலை நடந்திருக்கக்கூடும். உங்கள் 5 யூரோ பாட்டில் விரைவாகக் காலியானதற்குக் காரணமும் இதுவாக இருக்கலாம், ஏனென்றால் பேச்சுக்கு நடுவில் குடிக்க அது சுலபமானது.

எங்கள் பக்கத்து வெள்ளை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மஸ்கடே என்ற ஒயின் லுவார் ஆறு கடலைச் சேரும் பகுதியில், மெலோன் என்ற திராட்சையிலிருந்து ஆகிறது. 1709 ஆம் ஆண்டின் கொடும் உறைபனியில் இங்கிருந்த கொடிகள் அழிந்த பிறகு, குளிரைத் தாங்கும் என்பதால் இந்தத் திராட்சை பரவலாக நடப்பட்டது. சீட்டில் 'சுர் லீ' என்று இருந்தால், நொதித்து முடிந்த ஈஸ்ட் வண்டலின் மேலேயே அந்த ஒயின் குறைந்தது ஒரு குளிர்காலம் கிடந்திருக்கிறது என்று பொருள். அதனால் நாக்கில் மெல்லிய குறுகுறுப்பும் ரொட்டி மாவின் சாயலும் வரும். பெயருக்குப் பெரிய புகழ் இல்லாததால் 6, 7 யூரோவுக்கே நேர்மையான பாட்டில் கிடைக்கிறது.

சிவப்புக்கு நீங்கள் வெளியே எங்கும் போக வேண்டாம். உங்கள் ஊருக்கு வடக்கே பொழோலே, தெற்கே ரோன் பள்ளத்தாக்கு. முன்னதன் கமே திராட்சையில் துவர்ப்பு குறைவு. பின்னதில் கிரெனாஷ் திராட்சையின் சூடும் பழுத்த சுவையும் முன்னே நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் வாங்கி ஒரே இரவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள். தனியாக ஒன்றைக் குடித்துக்கொண்டிருந்தால் பத்து ஆண்டானாலும் எதுவும் பிடிபடாது. 5 யூரோ போர்தோ சிவப்பை மட்டும் நான் தவிர்த்துவிடுவேன். அந்த ஊர்ப் பெயருக்கும் சேர்த்துத்தான் அங்கே காசு வாங்குகிறார்கள்.

கறுவா_பாரிஸ்:

வணக்கம். ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மணத்தை ஆறு மாதங்கள் தள்ளி வைக்கச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, பாரிஸில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பதினெட்டு வருடங்களாக வேலை செய்கிறேன். செர்ரியும் கல்லும் நமக்குத் தெரியாமல் இருக்கலாம். வைனில் வரும் மணங்களில் பாதி எங்கள் அம்மாவின் சமையலறையில் ஏற்கனவே இருந்தவை.

சிரா திராட்சையில் ஆன வைன் போத்தலைத் திறந்து முகர்ந்தால் மிளகு மணக்கும். இது உவமை இல்லை. மிளகுக்கு அதன் மணத்தைக் கொடுக்கும் ரொட்டண்டோன் என்ற அதே பொருள்தான் அந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறதென்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரிவதே இல்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள், ஆகவே உங்களுக்கு மிளகு கிடைக்கவில்லை என்றால் மூக்கை நோக வேண்டாம். அமெரிக்க ஓக் பீப்பாயில் கிடந்த வைனில் தேங்காய் மணமும் கிராம்பு மணமும் வரும். சொவினியோன் பிளாங்க் என்ற வெள்ளை வைனில் ஒரு வருடத்தில் பழுத்த கொய்யா மணக்கும், இன்னொரு வருடத்தில் பச்சைக் குடைமிளகாய். அல்சாஸ் பகுதியின் கெவூர்ஸ்த்ராமினேர் என்ற வெள்ளை வைன் பன்னீர்ச் செம்பைத் திறந்தது போல இருக்கும். வயதான ரீஸ்லிங் வெள்ளை வைனில் மண்ணெண்ணெய் வாசம் வருவதை முதல் முறை முகர்ந்தபோது, யாரோ விளக்கைக் கவிழ்த்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

விலை குறைந்த வைனை மதிப்பிடும்போது அதன் குளிர்ச்சியைக் கவனிக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். கோடையில் வீட்டுச் சூடு 24 பாகை இருக்கும்போது சிவப்பு வைனை அப்படியே ஊற்றினால் ஆல்கஹால்தான் முன்னே வந்து நிற்கும். அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 15, 16 பாகைக்குக் கொண்டு வாருங்கள். அதற்கு மேல் குளிர்ந்தால் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும். வெள்ளை இதற்கு நேர்மாறானது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் எல்லா வெள்ளை வைனும் ஒன்று போலவே இருக்கும், ஏனென்றால் குளிர் மணத்தையும் குறையையும் சேர்த்து மூடிவிடுகிறது. இருபது நிமிடங்கள் வெளியில் வைத்து 10, 12 பாகைக்கு வந்த பிறகு முகர்ந்து பாருங்கள். அப்போதும் முகம் சுளிக்க வைக்காத 6 யூரோ வைன் நல்ல வைன். உணவகங்களில் மலிவான வெள்ளையை ஏன் பனிக்கட்டி போலக் குளிர வைத்துக் கொடுக்கிறார்கள் என்பதும் அப்போது விளங்கும்.

கெட்டுப்போனதையும் மலிவானதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ஈரத்தில் ஊறிய அட்டைப்பெட்டி போல மணந்தால் அது தக்கையில் வந்த கெடுதல். லீற்றருக்கு ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கிலும் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும் அந்தப் பொருள், 5 யூரோ போத்தலிலும் வரும், 50 யூரோ போத்தலிலும் வரும்; கடையில் திருப்பிக் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். வெள்ளை வைனின் அடியில் கண்ணாடித் தூள் போலப் படிந்திருப்பதைக் கண்டு சிலர் பயந்து ஊற்றிவிடுகிறார்கள். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. நாங்கள் கறிக்குக் கரைத்து விடும் பழப்புளியின் புளிப்பும் அதே அமிலம்தான்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காரமான இறைச்சிக் கறியோடு துவர்ப்பும் ஆல்கஹாலும் மிகுந்த சிவப்பைக் குடித்தால் காரம் இரட்டிப்பாக எரியும், வைனும் கசக்கும், பழி மட்டும் வைன் மீது விழும். காரத்துக்குச் சிறிது இனிப்புள்ள வெள்ளை பொருந்தும். வூவ்ரே பகுதியின் 'டெமி செக்' வைன் சில வேளைகளில் உங்கள் விலைக்குள்ளேயே கிடைக்கும். பொரித்த மீனுக்கு ஐயாவின் மஸ்கடேயை விட நல்லதொன்றை நான் இன்னும் காணவில்லை.

மூன்று_கோப்பை:

நான் புள்ளியியல் படித்தவன். மேலே இருவரும் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஆயினும் பாட்டில் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும் வரை அந்த அறிவுரைகளில் எதுவும் பயன் தராது. 2001 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் இயல் பயிலும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினையும், அதே ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததை அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே வருணித்தார்கள். அந்தத் துறையையே படிப்பவர்களின் கண் மூக்கை அப்படி ஏமாற்றும் என்றால், 16 என்ற எண் நம் நாக்கை என்ன பாடு படுத்தும் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் பாட்டிலையும் விலையையும் மறைத்து நடத்திய 6,000-க்கும் மேற்பட்ட சுவைப்புகளைத் தொகுத்து 2008 இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி இல்லாதவர்கள் விலை உயர்ந்த ஒயினைச் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள் என்று தெரிந்தது. உங்கள் விருந்தினர்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் மீது தவறில்லை.

பதக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரான்சின் விதிப்படி ஒரு போட்டிக்கு வரும் ஒயின்களில் மூன்றில் ஒரு பங்கு வரை பதக்கம் தரலாம். போட்டிகளும் பல நடக்கின்றன. கலிபோர்னிய மாநிலக் கண்காட்சியில் ராபர்ட் ஹாட்ஸன் என்பவர், ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை நடுவர்களுக்கே தெரியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஒரே பதக்க எல்லைக்குள் மதிப்பெண் போட்டவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். பதக்கம் உள்ள பாட்டில் கெட்டதாக இருக்கும் என்று இதற்குப் பொருளில்லை. பக்கத்தில் இருக்கும் பதக்கமில்லாத பாட்டிலை விட நல்லது என்பதற்கு அது போதிய சான்றாகாது, அவ்வளவே. 'வியேய் வீஞ்', அதாவது முதிய கொடிகள், என்ற சொல்லுக்கும் சட்டத்தில் வயது வரையறை கிடையாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு ஒயின்களை எடுத்து, ஒரே அளவுள்ள மூன்று கோப்பைகளில், இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றதையும் வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். ஒரு கோப்பைக்கு 50 மில்லிலிட்டர் போதும். விழுங்காமல் துப்பினால் இன்னும் நல்லது. எது தனித்து நிற்கிறது என்று கண்டுபிடிப்பதே வேலை. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வந்துவிடும், ஆனால் நான்கு சுற்றும் தொடர்ந்து அப்படிச் சரியாக வருவதற்கு 81-இல் ஒரு வாய்ப்புதான். பிரித்தறிய முடிகிறது என்பது உறுதியான பிறகு, எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று எழுதுங்கள். பிரித்தறியவே முடியாத இரண்டு ஒயின்களில் விலை குறைந்ததை வாங்குவது உங்கள் பணப்பைக்கு நல்லது.

பிரான்சில் வாழ்வது இந்தக் காரியத்தில் ஒரு பேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு பாட்டில் ஒயினுக்கு ஆயத்தீர்வை ஏறத்தாழ 3 சென்ட். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் அது 2 பவுண்டுக்கு மேல். நீங்கள் கொடுக்கும் 8 யூரோவில் உண்மையில் ஒயினுக்குப் போகும் பங்கு அங்கே இருப்பவர்களுக்குக் கிடைப்பதைவிட அதிகம்.

லியோன்_நெல்லையான்:

மூவருக்கும் நன்றி. சென்ற சனிக்கிழமை நானும் என் மனைவியும் இதைச் செய்து பார்த்தோம். பாட்டில்களுக்குப் பழைய காலுறைகளை மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டு மாணவரை அழைத்து ஊற்றச் சொன்னோம். 6.50 யூரோ பொழோலேயையும் 5 யூரோ ரோன் சிவப்பையும் மூன்று கோப்பை முறையில் வைத்ததில், நான்கு சுற்றுகளில் மூன்றை நான் சரியாகச் சொன்னேன். தவறிய சுற்றில் மாணவர் வேண்டுமென்றே குழப்பினார் என்று சொல்லிப் பார்த்தேன், வீட்டில் யாரும் நம்பவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு துவர்ப்பில் தெரியும் என்று எதிர்பார்த்திருந்தேன். தொண்டைச் சூட்டில்தான் தெளிவாகத் தெரிந்தது. பிறகு சீட்டைப் பார்த்தால் ஒன்று 12.5, மற்றது 14.5.

வெள்ளையில் ஒரு மஸ்கடேயும், பெயர் சொல்ல விரும்பாத 4 யூரோ பாட்டில் ஒன்றும் எடுத்தோம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அரை மணி நேரம் கழித்து 4 யூரோ ஒயினில் காடியின் வாசனை தலைகாட்டியது. மஸ்கடே அப்படியே இருந்தது. அக்கா சொன்ன குளிர்ச்சி விஷயம் இவ்வளவு வெளிப்படையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த 16 யூரோ ஒயினையும் இன்னொரு பாட்டில் வாங்கி, மறைத்து வைத்துச் சுவைத்தோம். சிவப்பு மூன்றில் நான் அதற்கு இரண்டாம் இடம் கொடுத்தேன், மனைவி கடைசி இடம் கொடுத்தார். பச்சை வாழைக்காயைக் கடித்தது போல வாயை இழுத்தது. ஆனால் விழுங்கிய பிறகு எண்ணிப் பார்த்ததில் பன்னிரண்டு விநாடி வரை ஏதோ ஒரு பழச்சுவை நின்றது, 5 யூரோ ஒயினில் மூன்றோடு முடிந்துவிட்டது. நன்றாக நீடிக்கும் ஒயின் ஏன் குடிக்கக் கடினமாக இருக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தப் பாட்டிலில் பாதிக்கு மேல் மீதம் இருக்கிறது.

மூன்று_கோப்பை:

நான்கில் மூன்றோ அதற்கு மேலோ குருட்டாம்போக்கில் சரியாக வருவதற்கு ஒன்பதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கொண்டாட்டத்துக்கு முன் இன்னும் நான்கு சுற்று வைத்துப் பாருங்கள். மாணவரை மாற்றத் தேவையில்லை.

நாந்த்_புதுவை:

மீதியைக் கொட்டிவிடாதீர்கள், தம்பி. வாயை இழுத்தது அந்த ஒயின் இன்னும் இளையது என்பதால் இருக்கலாம். வெறும் முறுக்கோடு வைத்துச் சுவைத்திருந்தால் இன்னும் கடுமையாகத் தெரிந்திருக்கும், கொழுப்புள்ள ஆட்டிறைச்சியோ முதிர்ந்த பாலாடைக் கட்டியோ பக்கத்தில் இருந்தால் துவர்ப்பு பாதி அடங்கியிருக்கும். தக்கையைத் திரும்ப அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் மாலை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுங்கள். 5 யூரோ பாட்டிலிலும் ஒரு கோப்பை மிச்சம் வைத்து, இரண்டையும் அதே காலுறைக்குள் மாட்டி மறுபடி சுவையுங்கள். இந்த முறை மனைவி முதலில் சொல்லட்டும், நீங்கள் பிறகு சொல்லுங்கள்.